முத்திரையும் கையும்: ஹெஸ்டர் பேட்மனை எவ்வாறு நினைவுகூர்வது?

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இலண்டன் வெள்ளிக் கரண்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், காம்பின் பின்புறத்தில் சில சிறு குறிகள் பதிந்திருப்பதைக் காணலாம். நடைபோடும் சிங்கம் வெள்ளியின் மாற்றைச் சொல்லும். முடிசூடிய சிறுத்தைத்தலை அது இலண்டனில் சோதிக்கப்பட்டதைச் சொல்லும். தனித்து நிற்கும் ஓர் எழுத்து சோதிக்கப்பட்ட ஆண்டைச் சொல்லும். இவற்றோடு சில பொருள்களில், சாய்ந்தோடும் கையெழுத்து வடிவத்தில் 'எச்.பி.' என்னும் இரண்டு எழுத்துகள் இருக்கும். அவை ஒரு பெண்ணின் பெயரைச் சொல்பவை: ஹெஸ்டர் பேட்மன்.

முதல் மூன்று குறிகளின் பொருள் குறித்து ஆய்வாளரிடையே பூசல் இல்லை. நான்காவதன் பொருள் குறித்தே இன்றுவரை இரு தரப்புகள் உள்ளன. ஒரு தரப்பு அவரை ஒப்பற்ற கலைஞராகக் கொண்டாடுகிறது. 1959இல் டேவிட் ஷூர் எழுதிய நூலின் தலைப்பே அவரை 'ஆங்கில வெள்ளிக் கொல்லர்களின் அரசி' என்று அழைத்தது. மறுதரப்பு, அவர் சுத்தியலைக் கையிலெடுத்தார் என்பதற்கே ஆவணச் சான்றில்லை என்கிறது. கணவரை இழந்தபின் குடும்பத் தொழிலை மேற்பார்த்த வணிகரே அவர், கைவினைஞர் என்பது மிகை என்கிறது. இரண்டும் எதிரெதிர் வாதங்கள்போல் தோன்றுகின்றன. ஆயினும் ஒரு பொருளுக்கு ஒரே கை, ஓர் அழகிய பாத்திரத்திற்குப் பின்னால் ஒரே ஆள் என்னும் எண்ணத்தை இரண்டுமே ஐயமின்றி ஏற்கின்றன. பட்டறையின் வரலாற்றுக்கு அந்த எண்ணம் பொருந்தாது. பெண்களின் உழைப்பை எடைபோடும் இடத்தில் அது அநீதியாகவும் ஆகிறது.

வாழ்க்கைக் குறிப்பிலிருந்து தொடங்குவது நலம். ஹெஸ்டர் 1708இல் இலண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். முறையான கல்வி பெற்றவரல்லர். பெயரெழுதி ஒப்பமிடத் தெரியாமல் குறியிட்டே ஒப்பமளித்தவர் என அறியப்படுகிறார். 1732இல் ஜான் பேட்மன் என்பவரை மணந்தார். ஜான் பொற்சங்கிலி செய்யும் தொழிலாளி. பிற்காலத்தில் பன்ஹில் ரோ என்னும் தெருவில் 107ஆம் எண் வீட்டில் குடும்பம் குடியேறியது. அதுவே வீடு, அதுவே பட்டறை. இலண்டன் மாநகரின் பழைய மதில் எல்லைக்கு வெளியே, வாடகை குறைந்த, தொழிலாளர் நிறைந்த பகுதி அது. 1760இல் ஜான் காசநோயால் இறந்தார். தொழிற்கருவிகளை அவர் தம் உயிலில் மனைவிக்கே விட்டுச் சென்றார்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தம் 52ஆம் வயதில், ஹெஸ்டர் பொற்கொல்லர் மண்டபத்திற்குச் சென்று தம் பெயரில் முத்திரையைப் பதிவுசெய்தார். பின்வந்த ஆண்டுகளில் அந்த முத்திரையைப் பலமுறை புதுப்பித்துப் பதிந்தார். 1790இல், 80ஐக் கடந்த வயதில், தொழிலிலிருந்து விலகினார். 1794இல் காலமானார். இடைப்பட்ட 29 ஆண்டுகளில் ஒரு சிறு குடும்பப் பட்டறை இலண்டனின் குறிப்பிடத்தக்க வெள்ளித் தொழிலகங்களில் ஒன்றாக வளர்ந்திருந்தது. அவருடைய மகன்களும் மருமகளும் பேரனும் அதைத் தொடர்ந்து நடத்தினர். 19ஆம் நூற்றாண்டிலும் அக்குடும்பத்தின் முத்திரைகள் வெள்ளியில் பதிந்துகொண்டிருந்தன.

இனி முத்திரை. இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளிக்குக் குறைந்தபட்ச மாற்றை வரையறுத்து, சிறுத்தைத்தலைக் குறியை விதித்தது. ஒவ்வொரு கொல்லரும் தமக்கென ஒரு குறி வைத்திருக்க வேண்டும் என்னும் விதி 1363இல் வந்தது. 1478இல் சோதனை பொற்கொல்லர் மண்டபத்திலேயே நிகழத் தொடங்கியது. 'ஹால்மார்க்' என்னும் சொல்லின் தோற்றம் அந்த மண்டபமே. ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. குறைந்தால் பொருளை உடைத்துவிடுவர். முத்திரைக்கு உரியவரே அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே அந்த இரண்டு எழுத்துகள் சட்டத்தின் பார்வையில் கலைஞரின் கையொப்பம் அல்ல. மாற்று குறைந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்கான குறி அது. அதனால்தான் இன்றைய ஆங்கில ஆய்வெழுத்தில் 'செய்தவர் முத்திரை' என்பதைவிடப் 'பொறுப்பாளர் முத்திரை' என்னும் பொருள்படும் தொடர் விரும்பப்படுகிறது. ஒரு பட்டறை வேறொரு பட்டறையிடமிருந்து செய்பொருளை வாங்கித் தன் முத்திரையைப் பதித்து விற்பது அக்காலத்தில் இயல்பு. ஒருவர் முத்திரையின்மேல் மற்றவர் முத்திரை அழுத்தப்பட்ட பொருள்கள் இன்றும் கிடைக்கின்றன. ஹெஸ்டரின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்த, அவர் முத்திரை தாங்கிய பொருள்கள் குறைவாகவே எஞ்சியுள்ளன. அவர் பட்டறை அப்போது பிறருக்காகவே பெரிதும் உழைத்தது என ஆய்வாளர் கருதுவது இதனால்தான். 1770களின் இடைப்பகுதிக்குப் பின்னரே எச்.பி. எழுத்துகள் பெருகுகின்றன.

அப்பட்டறையிலிருந்து வெளிவந்தவை பெரும்பாலும் நடுத்தரக் குடும்பங்களின் மேசைப் பொருள்கள்: கரண்டிகள், தேநீர்க் குடுவைகள், பாலாடைக் குவளைகள், உப்புக் கிண்ணங்கள், சர்க்கரை இடுக்கிகள், தேயிலைப் பெட்டிகள், மதுக்குப்பிகளின் கழுத்தில் தொங்கும் பெயர்த் தகடுகள். அரச விருந்துக்கான மாபெரும் கலங்கள் அரிது. வடிவம் எளியது. விளிம்பில் மணிகள் கோத்ததுபோன்ற வரிசை. இழைவாளால் அறுத்தெடுத்த துளை வேலை. பளபளப்பேற்றிய உளிமுனையால் சாய்வாகச் செதுக்கி, வெட்டு ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும்படி அமைத்த பூவேலை. அவர் முத்திரையை அறிந்தவர் நினைவில் முதலில் எழுபவை இவையே.

இந்த எளிமைக்குப் பின்னால் கணக்கும் தொழில்நுட்பமும் இருந்தன. தட்டையான வெள்ளியைச் சம்மட்டியால் தட்டித் தட்டிக் குழிவாக எழுப்புவதே பழைய முறை. அது நாட்கணக்கில் நேரத்தை விழுங்கும். வெள்ளியும் கனமாக வேண்டும். 1740களில் ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் செம்பின்மேல் வெள்ளித் தகட்டை உருக்கி ஒட்டவைக்கும் வழியைக் கண்டறிந்தார். பார்வைக்கு வெள்ளிபோன்ற பாத்திரங்கள் குறைந்த விலையில் சந்தைக்கு வந்தன. 1773இல் பர்மிங்ஹாமிலும் ஷெஃபீல்டிலும் சோதனை நிலையங்கள் அமைய நாடாளுமன்றம் ஒப்பியது. மேத்யூ போல்டன் அதற்காக முன்னின்று போராடியவர். இலண்டனின் சிறு பட்டறைகளுக்கு இது பெரும் நெருக்கடி. அழியலாம், அல்லது மாறலாம்.

பேட்மன் பட்டறை மாறியது. உருட்டாலையில் சீராக இழைத்த மெல்லிய வெள்ளித் தகட்டை வாங்கி, அளவாக வெட்டி, வளைத்து, ஒரே இணைப்பில் பற்றவைத்து முடிக்கத்தக்க வடிவங்களைத் தேர்ந்தது. நேரான சுவர்கொண்ட நீள்வட்டத் தேநீர்க் குடுவை அக்காலத்து ரசனைக்கு உகந்தது. அதே வேளையில் தகட்டிலிருந்து செய்வதற்கும் எளிது. மெல்லிய தகட்டின் விளிம்பு வளைந்துவிடாமல் காக்கும் மணிவரிசை அழகுக்கும் உதவியது. 1784இல் தேயிலைமீதான இறக்குமதி வரி 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தேநீர் மேன்மேலும் பல வீடுகளை எட்டியது. அதே ஆண்டில் வெள்ளிப் பொருள்மீது அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரி விதிக்கப்பட்டு, வரி செலுத்தியதற்கு அடையாளமாக மன்னரின் தலையுருவும் முத்திரை வரிசையில் சேர்ந்தது. தேநீர்க் கலங்களுக்குத் தேவை பெருக, எடைக்கு வரி வந்தது. எடை குறைந்த, அழகு குன்றாத பொருளைச் செய்யத் தெரிந்தவர் இந்த இரண்டையும் தாங்கி நின்றார்.

இப்போது 'அரசி' பட்டத்தைப் பார்க்கலாம். 20ஆம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்கள், சிறப்பாக அமெரிக்கச் சேகரிப்பாளர்கள், எச்.பி. எழுத்துகளைத் தேடத் தொடங்கினர். அந்த எழுத்துகள் இருந்தால் விலை ஏறியது. ஒரு கைம்பெண், எழுத்தறியாதவர், தனி ஒருத்தியாக ஆண்களின் தொழிலில் வென்றார் என்னும் கதை விற்பனைக்கும் உதவியது. அக்கதையில் மகன்கள் மங்கினர், பணியாளர்கள் மறைந்தனர், உருட்டாலையும் வரிச் சட்டமும் இடம்பெறவில்லை. ஒவ்வொரு கரண்டியும் அந்த மூதாட்டியின் விரல்களிலிருந்தே பிறந்ததுபோன்ற மயக்கம் எஞ்சியது. 29 ஆண்டுகளில் வெளிவந்த பொருள்களின் பெருக்கமே அது இயலாதது எனக் காட்டிவிடும்.

மறுதரப்பின் ஐயம் இந்த மயக்கத்தைக் கலைக்கப் பிறந்தது. அவ்வளவில் அது வரவேற்கத்தக்கது. 1990இல் பிலிப்பா கிளான்வில், ஜெனிஃபர் கோல்ட்ஸ்பரோ ஆகியோர் வாஷிங்டனின் பெண் கலைஞர்கள் தேசிய அருங்காட்சியகத் தொகுப்பை முன்வைத்து எழுதிய நூல், இத்தகைய பெண்களைப் பட்டறை, குடும்பம், வணிகம் ஆகியவற்றின் பின்னணியில் வைத்துப் பார்க்க வழிகாட்டியது. பின்னணியில் வைத்துப் பார்ப்பது வேறு. 'அவர் கைவினைஞரே அல்லர்' என்று தீர்ப்பெழுதுவது வேறு. பின்னது ஓர் இரட்டை அளவுகோலின்மேல் நிற்கிறது.

பால் டி லாமெரி (1688–1751) ஆங்கில வெள்ளி வேலையின் உச்சம் எனப் போற்றப்படுபவர். அவர் முத்திரை தாங்கிய மிகச் சிறந்த பொருள்கள் சிலவற்றின் உருவ வேலைப்பாட்டைச் செய்தவர் பெயர் தெரியாத வேறொரு கலைஞர். மேனார்டு பிரபுவுக்காகச் செய்த கலத்தின் பெயரால் அவரை 'மேனார்டு மாஸ்டர்' என ஆய்வாளர் குறிக்கின்றனர். இதை அறிந்தபின்னும் லாமெரியை 'கைவினைஞரல்லர், வெறும் வணிகர்' என யாரும் தள்ளிவைப்பதில்லை. மாறாக, திறமையான கைகளைத் தேர்ந்து ஒருங்கிணைத்ததே அவர் மேதைமைக்குச் சான்று என்கின்றனர். அதே செயலைச் செய்த பெண்ணிடம் மட்டும் 'உன் கையில் சுத்தியல் இருந்ததா?' என்ற கேள்வி எழுகிறது. ஆணுக்குப் பட்டறை பெருமை சேர்க்கிறது. பெண்ணிடமிருந்து அதே பட்டறை பெருமையைப் பறிக்கிறது. சான்று கேட்பது ஆய்வின் கடமை. ஒரு பாலினரிடம் மட்டும் கேட்பது ஆய்வாகாது.

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழலாம். முத்திரை வெறும் சட்டப் பொறுப்பின் குறியே என்றால், ஹெஸ்டரின் பெயர் அதில் இருந்தது மட்டும் எதை நிறுவும்? கணவர் இறந்ததும் தொழில் இடையறாது நடக்கப் பெயரளவில் கைம்பெண்ணைப் பதிந்துவிட்டு, மகன்களே உள்ளே அனைத்தையும் நடத்தியிருக்கலாமே?

பதிவேட்டின் காலவரிசையே இதற்கு விடை தருகிறது. 1761இல் ஹெஸ்டருக்கு முன்னிருந்த வழிகள் பல. கருவிகளை விற்றுவிடலாம். மறுமணம் செய்யலாம். தொழிலை மகன்கள் பெயரில் தொடரலாம். மகன் பீட்டர் 1740இல் பிறந்தவர்; தம் சகோதரியின் கணவரான ரிச்சர்ட் கிளார்க்கிடம் வெள்ளித் தொழில் பயின்றவர். ஹெஸ்டரின் பெயர் வெறும் இடைக்கால ஏற்பாடு என்றால், மகன்கள் முழுத் தேர்ச்சி பெற்ற ஓரிரு ஆண்டுகளிலேயே அது நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை. பீட்டரும் ஜோனத்தனும் நடுவயதை எட்டும்வரை அவர்கள் உழைப்பெல்லாம் தாயின் முத்திரையின்கீழேயே நடந்தது. 1790இல் அவர் விலகிய பின்னரே மகன்கள் தம் பெயரில் முத்திரை பதிந்தனர். மாற்றுக் குறைந்தால் தண்டனையும், கடன் தவறினால் அவப்பெயரும், வடிவம் விலைபோகாவிட்டால் நட்டமும் அந்த 29 ஆண்டுகளும் அவரையே சார்ந்திருந்தன. எந்தத் தகடு, எந்தச் சந்தை, எவ்வளவு கனம், எவ்வளவு அலங்காரம் என்னும் முடிவுகள் கைவினைக்கு வெளியே நிற்பவை அல்ல. கைவினையின் பாதி அவை. எழுதத் தெரியாத ஒருவரின் பெயரெழுத்துகள் இலண்டன் சந்தையில் நம்பிக்கையின் அடையாளமாயின என்பது பெயரளவுப் பதிவால் விளையக்கூடியதன்று.

1761க்கு முந்தைய காலம் குறித்தும் ஒரு சொல். திருமணத்திற்கும் கைம்மைக்கும் இடையே 28 ஆண்டுகள். அக்காலப் பகுதியில் ஹெஸ்டரின் தொழில் வாழ்வு பற்றி ஆவணங்கள் மௌனம் சாதிக்கின்றன. இந்த மௌனத்தை 'அவர் எதுவும் செய்யவில்லை' எனப் படிப்பது பெரும் பிழை. அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவருடையதில் அடங்கியது. பொதுவிதியாக, அவள் பெயரில் உடைமை இல்லை. அவள் பெயரில் ஒப்பந்தம் இல்லை. 1870, 1882ஆம் ஆண்டுகளின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டங்கள் வரும்வரை பெரிதும் இதே நிலை. ஆகவே ஆவணத்தில் ஒரு பெண் தோன்றுவது பெரும்பாலும் கணவர் மறைந்த பிறகே. மறுநாள் காலை அவள் திடீரெனத் தொழில் கற்றுக்கொண்டதாக எண்ணுவது பொருந்தாது. வீடும் பட்டறையும் ஒரே கூரையின்கீழ் இருந்த இடத்தில், கணக்கும் கொள்முதலும் மெருகிடுதலும் பயிற்சிச் சிறுவரின் பராமரிப்பும் யாருடைய தோளில் இருந்தன? கணவர் தம் கருவிகளை மனைவிக்கு விட்டுச் சென்றதே அவளுடைய திறமையின்மேல் அவர் கொண்ட நம்பிக்கைக்கு அறிகுறி எனலாம். இது ஊகமே. ஆயினும் மௌனத்தை வெறுமையாகக் கொள்வதும் ஊகமே. முன்னதற்குக் குறைந்தது ஓர் உயில் துணைநிற்கிறது.

குடும்பத்தின் அடுத்த தலைமுறை இதை இன்னும் தெளிவாக்குகிறது. பீட்டரும் ஜோனத்தனும் 1790 டிசம்பரில் இணைந்து பதிந்த முத்திரை சில மாதங்களே வாழ்ந்தது. அடுத்த ஆண்டு ஜோனத்தன் இறந்தார். 1791 மே மாதத்தில் அவருடைய மனைவி ஆன், பீட்டருடன் இணைந்து புதிய முத்திரையைப் பதிந்தார். அந்தக் கூட்டு ஏறத்தாழ 10 ஆண்டுகள் நீடித்தது. 1800இல் ஆனின் மகன் வில்லியமும் சேர்ந்தார். மாமியாருக்கு நேர்ந்ததே மருமகளுக்கும் நேர்ந்தது. கணவரின் சாவு ஒரு பெண்ணின் உழைப்பைப் பதிவேட்டின் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. ஜோனத்தன் நெடுநாள் வாழ்ந்திருந்தால் ஆன் பேட்மன் என்னும் பெயரை இன்று எந்த அருங்காட்சியகக் குறிப்பட்டையும் தாங்கியிராது. அவர் ஆற்றிய பணி மட்டும் அப்படியே இருந்திருக்கும்.

இதனால் 'முன்னோடி' என்னும் சொல்லையும் சற்று மீளாய்வு செய்ய வேண்டியிருக்கிறது. இலண்டனில் தம் பெயரில் முத்திரை பதித்த முதல் பெண் ஹெஸ்டர் அல்லர். அவருக்கு முன்பே ஆன் டாங்கரேயும் எலிசபெத் காட்ஃபிரியும் செல்வர்களுக்கு உயர்ந்த வெள்ளிக் கலங்களைச் செய்தளித்தனர். அவருடைய சமகாலத்தவரான லூயிசா கோர்ட்டால்டு, கணவர் சாமுவேல் 1765இல் இறந்தபின் தொழிலை நடத்தினார். இன்று கலை வரலாற்று மாணவர் அறிந்த இலண்டன் கோர்ட்டால்டு நிறுவனம் அக்குடும்பத்தின் வழித்தோன்றல் ஒருவரின் பெயரைத் தாங்கியது. காலத்தால் முதல்வர் என்பதில் ஹெஸ்டரின் முன்னோடித்தன்மை இல்லை. முன்னவர்கள் பெரிதும் உயர்குடியினரை நம்பியிருந்தபோது, அவர் நடுத்தர வீட்டின் மேசையை நோக்கித் திரும்பினார். இயந்திரம் இழைத்த தகட்டைக் கைவினையின் எதிரியாகக் கருதாமல் கைவினைக்குள் இழுத்தார். தொழிலகமாக மாறிவரும் பட்டறை ஒன்றைப் பெண் ஒருவர் தலைமையேற்று நடத்தினார் என்பதே அவர் தனிச்சிறப்பு. இவ்வாறு சொல்லும்போது புகழ் குறைவதில்லை. எதற்காகப் புகழ்கிறோம் என்பது தெளிவாகிறது.

ஆயினும் அவர் பெயரோடு நின்றுவிடுவதும் போதாது. வெள்ளித் தொழிலில் மெருகிடும் வேலை நெடுங்காலம் பெண்களின் கையில் இருந்தது. ஷெஃபீல்டில் பின்னாளில் அவ்வேலையைச் செய்த பெண்கள், தூசியிலிருந்து காத்துக்கொள்ளக் காகிதத்தைக் கால்களில் சுற்றி, தலையில் துணி கட்டி, சுழலும் சக்கரங்களின் முன் உழைத்தவர்கள். பளபளப்பு என நாம் வியக்கும் ஒவ்வொரு மேற்பரப்பும் அத்தகைய கைகளின் வேலை. அவர்களுக்கு முத்திரை இல்லை. கைம்மைகூட அவர்களைப் பதிவேட்டில் சேர்க்கவில்லை. ஏனெனில் அவர்களுக்கு வந்துசேரப் பட்டறை இல்லை. 'பெண் வெள்ளிக் கொல்லர்' என்னும் கொண்டாட்டம் முத்திரை உடையவரோடு முடிந்துபோனால், உடைமை உள்ளவளே பெண், உடைமை இல்லாதவள் கருவி என்றாகிவிடும். ஹெஸ்டரை ஒற்றை மேதையாக்கும் கதை முதலில் மறைப்பது ஆண்களையல்ல, இப்பெண்களையே.

இலண்டனின் இவ்வரலாறு இந்தியாவில் கைவினை வரலாற்றை ஆய்வோருக்கு ஏன் முக்கியம்? இங்கும் பொன்னில் ஹால்மார்க் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000இல் அதைத் தொடங்கியது. 2021இல் பல மாவட்டங்களில் கட்டாயமாக்கியது. அமைவனத்தின் சின்னம், தூய்மை, ஆறு இடங்கொண்ட தனி அடையாளக் குறி ஆகிய மூன்றும் நகையில் இருக்கும். முன்னர் இருந்த நகைக்கடையின் அடையாளக் குறியும் அவ்வாண்டு நீங்கியது. செய்த கொல்லரின் பெயருக்கு அந்த வரிசையில் இடம் இருந்ததே இல்லை. அவர் வீட்டுப் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கைத்தறியில் நிலைமை வேறொரு வகையில் இதையே உணர்த்துகிறது. 2019–20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, அத்தொழிலில் ஈடுபட்டோரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள் எனக் காட்டியது. நெசவாளர் என்றதும் மனக்கண்ணில் தோன்றுபவர் பெரும்பாலும் தறியில் அமர்ந்த ஆண். எண்ணிக்கைக்கும் மனச்சித்திரத்திற்கும் இடையிலுள்ள இந்தத் தொலைவில்தான் ஆய்வாளரின் வேலை தொடங்குகிறது.

கைவினைக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வேடுகளில் 'பெண்கள் உதவியாக இருந்தனர்' என்னும் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். நூல் சுற்றுவது உதவியா, உற்பத்தியா? வார்ப்புக்கு மெழுகு பிசைவது உதவியா, உற்பத்தியா? பேரம் பேசி வெள்ளி வாங்குவது எது? 'உதவி' என்னும் சொல் ஒரு வகைப்பாடுபோலத் தோன்றினாலும் அது ஒரு தீர்ப்பு. கள ஆய்வில் அச்சொல்லை எழுதும் முன், அந்த வேலை ஒரு நாள் நின்றால் பட்டறை என்னாகும் எனக் கேட்டுப் பதிவுசெய்வது மாணவர்களுக்கு இயலாத ஒன்றன்று.

அருங்காட்சியகங்கள் செய்யத்தக்க சிறு செயலும் ஒன்று உண்டு. குறிப்பட்டையில் 'ஹெஸ்டர் பேட்மன் செய்தது' என எழுதாமல் 'ஹெஸ்டர் பேட்மன் பட்டறை' என எழுதலாம். ஆனால் அதே நாளில், அதே கூடத்தில், 'பால் டி லாமெரி செய்தது' என்பதும் 'பால் டி லாமெரி பட்டறை' என மாற வேண்டும். இரண்டையும் ஒருங்கே மாற்றினால் அது வரலாற்றுத் தெளிவு. முதலாவதை மட்டும் மாற்றினால், பெயரெழுதத் தெரியாத ஒரு பெண் 52ஆம் வயதில் மண்டபத்தின் படியேறிப் பதித்த இரண்டு எழுத்துகளை மீண்டும் அழிப்பதாகும்.